யெல்லோநைஃபுக்கு மளிகை போகும் வழி

சனி: எட்மன்டன் – ஹை லெவல்

கனடாவின் வடமேற்குப் பிரதேசத்துத் தலைநகரான யெல்லோநைஃபுக்கு வருகிறோம் என்று அங்கே இருக்கும் நண்பரிடம் சொன்ன அன்று இரவே அவர் வீட்டு அக்காவிடமிருந்து வாட்ஸாப்பில் பட்டியல் வந்துவிட்டது. இட்லி அரிசி, உருட்டு உளுந்து, நல்லெண்ணெய், புளி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, முடிந்தால் முருங்கைக்காய். கடைசியில், "தம்பி, இங்கே எல்லாம் கிடைக்கும், நாங்க தேடுறது மட்டும்தான் கிடைக்காது" என்று ஒரு வரி. தெற்கே ஆல்பர்ட்டா மாகாணத்து எட்மன்டனில் மில் உட்ஸ் பக்கம் இந்தியக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரே மாலையில் எல்லாம் வாங்கி வண்டியின் பின்பக்கத்தை நிரப்பியாயிற்று. எங்கள் துணிப்பை இரண்டும் காலடிக்கு வந்துவிட்டன.

விருதுநகரில் அப்பாவுக்கு மளிகைக்கடை. பள்ளி விட்டு வந்ததும் கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவன் நான். சரக்கு லாரியைப் பார்த்தால் வாடகை எவ்வளவு, இறக்குக்கூலி எவ்வளவு என்று மனசு இன்றைக்கும் தானாகக் கணக்குப் போடும். வடதுருவ ஒளியைப் பார்ப்பது என் மனைவியின் திட்டம். எனக்கு அந்த ஊர்க் கடைகளைப் பார்க்க வேண்டும். "அங்கே போயும் வால்மார்ட்டா?" என்று கேட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

எட்மன்டனிலிருந்து யெல்லோநைஃப் ஏறக்குறைய 1,450 கிலோமீட்டர். முதல் நாள் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஒயிட்கோர்ட், வேலிவியூ தாண்டி பீஸ் ரிவர் பள்ளத்தாக்கு வரைக்கும் பார்க்க நிறைய இருக்கிறது. அறுவடைக்குக் காத்திருக்கும் கோதுமை, இவ்வளவு வடக்கே இப்படி விளையுமா என்று வியக்கவைக்கும். கிரிம்ஷா என்ற சின்ன ஊரில்தான் மெக்கன்சி நெடுஞ்சாலையின் பூஜ்ய மைல் கல். அதற்கப்புறம் மரம், மரம், இன்னும் மரம்.

மாலை ஹை லெவலில் தங்கினோம். இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டி வாங்கப் போன கடையின் வாசலில் பனிக்கரடி வடிவத்தில் வெட்டிய நம்பர் பிளேட்டோடு வண்டிகள் வரிசையாக நின்றன. வடமேற்குப் பிரதேசத்துப் பிளேட் அப்படித்தான் இருக்கும், செவ்வகம் கிடையாது. ஒரு பிக்கப் வண்டிக்காரர் மூடி போட்ட பெரிய ஐஸ் பெட்டிகளில் இறைச்சியை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லை இன்னும் 190 கிலோமீட்டர் இருக்கிறது. எனக்கு ஹை லெவல் ஒரு மூலை. அவருக்கு அது தெற்கே இருக்கும் டவுன்.

ஞாயிறு: எல்லை, பாலம், எருமைகள்

அறுபதாவது அட்சரேகையில் ஆல்பர்ட்டா முடிந்து வடமேற்குப் பிரதேசம் தொடங்குகிறது. பலகை முன்னால் எல்லாரும் போல நாங்களும் படம் எடுத்துக்கொண்டோம். கொஞ்ச தூரத்தில் அலெக்ஸாண்ட்ரா அருவி, 30 மீட்டருக்கு மேல் உயரம், விளிம்பு வரை நடந்தே போகலாம், கம்பி வேலி இல்லாத இடமும் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்கள் கையை விடாதீர்கள்.

அடுத்து வரும் என்டர்பிரைஸ் குக்கிராமத்தின் பெரும்பகுதி 2023 ஆகஸ்ட் காட்டுத்தீயில் சாம்பலானது. சாலையின் இரண்டு பக்கமும் கருகிய மரங்கள் ஈட்டி நட்டதுபோல் நிற்கின்றன, அடியில் தீ பட்ட மண்ணில் முளைக்கும் தீச்செடி இளஞ்சிவப்பில் பூத்து முடிந்திருக்கிறது. அதே ஆகஸ்டில் யெல்லோநைஃப் முழுவதையும் காலி செய்யச் சொன்னார்கள். 16ஆம் தேதி உத்தரவு, செப்டம்பர் 6ஆம் தேதிதான் ஊருக்குத் திரும்ப அனுமதி. ஏறக்குறைய இருபதாயிரம் பேர் வாழும் ஊருக்கு வெளியே போக இருப்பது இந்த ஒரே சாலை. மளிகை வருவதும் இதே சாலையில்தான்.

அப்புறம் பாலம். ஃபோர்ட் பிராவிடன்ஸுக்குச் சற்று முன்னால் மெக்கன்சி நதியின் மேல் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் டே சோ பாலம். 2012 நவம்பர் 30 அன்று திறந்தார்கள், இருபது கோடி டாலருக்கு மேல் செலவு. ஊர் அளவுக்கு இது அதிகம் என்று அப்போது பெரிய சண்டையே நடந்ததாம்.

பாலத்துக்கு முந்தைய கதையைக் கேட்டால்தான் செலவின் அருமை புரியும். கோடையில் படகு லாரிகளை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும். குளிர்காலத்தில் ஆறு உறைந்து, அதன் மேலேயே சாலை. இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கல். வசந்தத்தில் பனி உடையும்போது படகும் ஓடாது, பனிச்சாலையும் தாங்காது. வாரக்கணக்கில் லாரி நின்றுவிடும். அந்த நாட்களில் சரக்கை ஹெலிகாப்டரில் கயிறு கட்டித் தொங்கவிட்டு ஆற்றைக் கடத்தியிருக்கிறார்கள், பாலும் காய்கறியும் விமானத்தில் வந்திருக்கின்றன. கடைக்காரர்கள் பனி உடைவதற்கு முன்பே கிடங்கை நிரப்பிவைப்பார்கள். பணத்தைச் சரக்கில் முடக்கி வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பது எந்த வியாபாரிக்கும் பிடிக்காத காரியம். அந்த வட்டியும் ஏதோ ஒரு வழியில் விலையில்தான் ஏறும்.

இன்றைக்குப் பாலத்தில் கார்களுக்குக் கட்டணம் இல்லை. வடக்கே போகும் சரக்கு லாரிக்கு மட்டும்தான். தெற்கே திரும்பும் லாரி எதுவும் கட்ட வேண்டாம். இதை யோசித்தவர்கள் லாரித் தொழில் தெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். திரும்பி வரும் லாரியில் என்ன இருக்கப்போகிறது? நம்மூர் லாரிக்காரர்களுக்கு ரிட்டர்ன் லோடுதான் உயிர். போகும்போது ஒரு வாடகை, வரும்போது ஒரு வாடகை என்றால்தான் கட்டுப்படியாகும். யெல்லோநைஃபிலிருந்து தெற்கே அனுப்ப லாரிக் கணக்கில் என்ன விளைகிறது? அந்த ஊரின் செல்வம் முன்பு தங்கம், இப்போது வைரம். வைரம் லாரியில் போவதில்லை. ஆக, தக்காளி ஏற்றிப் போன வண்டி வெறும் வண்டியாகத் திரும்புகிறது, இரண்டு வழி டீசலையும் தக்காளியே சுமக்கிறது. எதிரே வந்த லாரிகளின் பெட்டிகள் குலுங்கிய குலுங்கலிலேயே உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

ஃபோர்ட் பிராவிடன்ஸ் பிரிவில் பெட்ரோல் போட்டுவிடுங்கள். அடுத்த பங்க் பேச்சோக்கோவில், இருநூறு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் காட்டெருமைகள் சாலையோரப் புல்லில் சாவகாசமாக மேய்கின்றன. ஒன்று ரோட்டின் குறுக்கே நின்று எங்களைப் பார்த்தது. ஹாரன் அடிக்கும் எண்ணமே வரவில்லை.

பேச்சோக்கோவுக்கு அப்புறம் கடைசி நூறு கிலோமீட்டர் தார்ச்சாலைதான். ஆனால் அடியில் உறைந்திருக்கும் மண் இளகி இளகி, சாலை அலை அலையாக மடிந்திருக்கிறது. பின்னால் இருந்த நல்லெண்ணெய் டின் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தோம்.

திங்கள்: ஓல்ட் ஏர்போர்ட் ரோடு

காலையில் இட்லி. நாங்கள் கொண்டுவந்த உளுந்து இரவே அரைபட்டுவிட்டது. நண்பர் அரசாங்க அலுவலகத்துக்குக் கிளம்ப, அக்கா எங்களைக் கடைவீதிக்கு அழைத்துப் போனார்.

ஓல்ட் ஏர்போர்ட் ரோடுதான் இங்கே கடைவீதி. வால்மார்ட், கனேடியன் டயர், கூட்டுறவுக் கடையான கோ-ஆப் எல்லாம் அதே சாலையில். மொத்த ஊரும் ஒரு வாரத்தில் எப்படியும் ஒருமுறை இங்கே வந்து போகும் போலிருக்கிறது. அக்கா ஒவ்வொரு வரிசையிலும் யாரையாவது பார்த்து நின்று பேசினார். மொத்தமாக வாங்கும் பெரிய கடையான காஸ்ட்கோ இல்லை. இந்த ஊரில் மட்டுமில்லை, கனடாவின் மூன்று வடக்குப் பிரதேசங்களிலும் ஒன்றுகூட இல்லை. அதனால் தெற்கே யார் வண்டியில் போனாலும் பட்டியலோடுதான் போகிறார்கள்.

விலைக்கு வருகிறேன். வடக்கே எல்லாம் கொள்ளை விலை என்று படித்துப் படித்து நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. எட்மன்டனில் 6 டாலருக்குள் முடியும் நாலு லிட்டர் பால் இங்கே 7 டாலரைக் கொஞ்சம் தாண்டியது. வாழைப்பழத்தில் சில்லறை வித்தியாசம். அரிசி, மாவு, டப்பாவில் அடைத்த பயறு எல்லாம் கொஞ்சம்தான் கூட. கொத்தமல்லிக் கட்டு மட்டும் எட்மன்டன் விலைக்கு இரண்டு மடங்கைத் தாண்டியது, அதிலும் பாதி இலை வாடல். ஒரு கடையில் கீரைப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். தேதி முடிய இரண்டு நாள்தான் இருந்தது. பெட்டியின் உள்பக்கம் வியர்த்து, அடி இலைகள் கறுத்து ஒட்டிக்கொண்டிருந்தன. அக்கா அதை என் கையிலிருந்து வாங்கித் திருப்பி வைத்துவிட்டு, வரிசையின் பின்னால் கையை விட்டு வேறொன்று எடுத்தார். "முன்னாடி இருக்குறத எடுக்கவே கூடாது தம்பி."

கடைக்காரர் கண்ணால் பார்த்தால் இந்த விலைகளில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கனமான, கெடாத பொருளுக்கு விலை அவ்வளவு ஏறவில்லை. ஏறியிருப்பது இரண்டு வகை. ஒன்று, வழியிலேயே கெடத் தொடங்கும் சரக்கு. பத்துக் கட்டுக் கீரையில் மூன்று குப்பைக்குப் போனால், மீதி ஏழுதான் அந்த மூன்றின் விலையையும் தர வேண்டும். இன்னொன்று, இடத்தை அடைக்கும் சரக்கு. டாய்லெட் பேப்பர், சிப்ஸ், குழந்தைகளின் டயப்பர். எடை கையில் ஒன்றுமில்லை, ஆனால் லாரியில் ஒரு மூலையையே எடுத்துக்கொள்ளும். நீண்ட தூர லாரியில் இடம்தான் காசு. உருளைக்கிழங்கைவிட உருளைக்கிழங்கு சிப்ஸ் ஏன் இவ்வளவு ஏறுகிறது என்று யோசித்தால் பதில் காற்றில் இருக்கிறது, அந்தப் பையில் பாதி காற்றுதானே.

இந்த ஊர் இந்த அளவுக்காவது சமாளிப்பதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் சாலை. அதை மெய்யாக்கிய பாலம். அப்புறம், ஒன்றுக்கு மேற்பட்ட பெரிய கடை. ஒரே கடை இருந்தால் கடைக்காரர் விலைச்சீட்டைத் தன் இஷ்டத்துக்கு ஒட்டுவார். எதிர்க்கடை இருந்தால் பக்கத்துச் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவார். இது விருதுநகரிலும் அப்படித்தான், ஏழாயிரம் மைல் தள்ளியும் அப்படித்தான். கோ-ஆப் உறுப்பினர்களுக்கு வருஷ லாபத்தில் பங்கு வேறு உண்டு. அக்கா அந்தக் காசோலை வரும் நேரத்தைத் தீபாவளி போனஸ் மாதிரி எதிர்பார்த்திருப்பாராம்.

வரியும் கொஞ்சம் தயவு காட்டுகிறது. இந்தப் பிரதேசத்துக்கென்று தனி விற்பனை வரி கிடையாது, மத்திய அரசின் 5 சதவீதம் மட்டும்தான், அதுவும் அடிப்படை மளிகைக்கு இல்லை. வருமான வரிக் கணக்கில் வடக்கே வசிப்பவர் ஒரு நாளைக்கு 22 டாலர் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். "அதெல்லாம் வீட்டு வாடகைக்கும் ஹீட்டிங் எண்ணெய்க்குமே காணாது" என்றார் அக்கா. கடை விலையை மட்டும் பார்த்து யெல்லோநைஃபை மலிவு என்று நான் எழுதிவிடக் கூடாது என்று ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். எழுதவில்லை அக்கா.

கல்லாவில் இருந்த பெண் பிலிப்பைன்ஸ்காரர். இங்கே கடைகளில், மருத்துவமனையில், ஓட்டல்களில் அவர்கள்தான் நிறைய. ஆசியச் சரக்கு வைத்திருக்கும் கடையில் மீன் சாஸும் உறைந்த மரவள்ளியும் கிடைக்கிறது. முருங்கைக்கீரைகூட உறைய வைத்த பாக்கெட்டில் இருந்தது. காய் இல்லை, கீரை இருக்கிறது. பிலிப்பைன்ஸ்காரர்களும் முருங்கைக்கீரை சமைப்பவர்கள். அந்த வகையில் நாம் பிழைத்தோம்.

செவ்வாய்: பழைய ஊர், மாலைச் சந்தை

ஏரிக்கரையில் பாறை மேல் ஏறி இறங்கும் சந்துகள்தான் ஓல்ட் டவுன். தண்ணீரில் மிதக்கும் வீடுகள், மிதவை விமானங்கள், 1937இல் தொடங்கிய ஒயில்ட்கேட் கஃபே. பெரிய கடைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே சரக்கு விற்றவர்கள் உண்டு. வீவர் அண்ட் டெவோர் என்ற கடை 1936இலிருந்து நடக்கிறது. தங்கம் தேடி வந்தவர்களுக்கு மாவு, பன்றிக்கொழுப்பு, கோடாலி விற்று வளர்ந்த கடை. இன்றைக்கும் காட்டுக்குள் இருக்கும் முகாம்களுக்கும் மீன்பிடி விடுதிகளுக்கும் சாமான் கட்டி அனுப்புவது அதன் தொழில். உள்ளே தடித்த குளிர் மேலங்கிகளுக்குப் பக்கத்தில் பெரிய பெரிய டப்பாக்கள். அரை மணி நேரம் சுற்றினேன். ஒரு ஜோடி கையுறை வாங்கியதற்கு மனைவி முறைத்தாள், ஆகஸ்டில் எதற்கு என்று.

1960 வாக்கில்தான் இந்த ஊருக்குச் சாலையே வந்தது. அதற்கு முன் கோடையில் ஏரி வழியாகத் தெப்பங்களில், அதாவது தட்டையான சரக்குப் படகுகளில், சரக்கு, மற்ற நாட்களில் விமானம். சாலை முழுக்கத் தார் போட்டு முடிந்தது 2006இல்.

மாலையில் சோம்பா கே சதுக்கத்தில் உழவர் சந்தை. கோடையில் செவ்வாய்தோறும் நடக்கும். உழவர் என்றால் பாறை மேல் மண் கொட்டிப் பெட்டி கட்டிப் பயிர் செய்பவர்கள். பகல் அவ்வளவு நீளமாக இருப்பதால் கேல் கீரை விரித்த கையைவிடப் பெரிதாக வளர்ந்திருக்கிறது. கட்டு விலை கடையைவிடக் கொஞ்சம் கூடத்தான். ஆனால் காலையில் பறித்தது, ஒடித்தால் சத்தம் கேட்டது. பிர்ச் மரத்துப் பாகு சின்னக் குப்பியில் விற்றார்கள். கருப்பட்டியும் புளியும் கலந்த மாதிரி ஒரு ருசி. வாங்கினோம். பானக் என்னும் பொரித்த ரொட்டிக்கு அது நன்றாகச் சேர்ந்தது.

புதன்: பிளாஸ்டிக் பெட்டிகள்

நண்பருடன் வேலை பார்ப்பவர் ஒருவருக்கு ஊரிலிருந்து பார்சல் வந்திருந்தது. அதை எடுக்க ஒரு சின்ன விமான நிறுவனத்தின் கூடத்துக்குப் போனோம். இந்தப் பயணத்திலேயே நான் அதிக நேரம் நின்ற இடம் அதுதான்.

தராசு ஒன்று தரையோடு பதித்திருக்கிறது. சுற்றிலும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள், ஒவ்வொன்றையும் வெள்ளி நிற டேப்பால் இரண்டு சுற்று சுற்றி, மேலே தடித்த மார்க்கரில் பெயரும் ஊரும். கேமட்டி, வெக்குவேட்டி, லட்செல்கே. மூன்றுக்கும் கோடையில் சாலை கிடையாது. டயப்பர் மூட்டை, நாய்த் தீவனம், ஒரு சைக்கிள், வால்மார்ட் பையில் சுற்றிய பிறந்தநாள் கேக்.

கேமட்டிக்குப் போக ஒரு நடுத்தர வயது அம்மா காத்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்தவராம். வடக்கே சின்ன ஊர்க்காரர்களுக்கு எக்ஸ்ரே முதல் பிரசவம் வரை பலதுக்கும் இங்கே ஸ்டாண்டன் ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும். வந்த கையோடு கடைக்கும் போவார்கள். ஒரு பெட்டியைத் தராசில் வைத்துப் பார்த்தார், முகம் சுளித்தார், டேப்பைப் பிரித்து ஆப்பிள் பையை எடுத்துத் தோள்பையில் போட்டுக்கொண்டு மறுபடி வைத்தார். பெட்டிச் சரக்குக்குக் கிலோ கணக்கில் காசு. தோளில் மாட்டியதை யாரும் நிறுக்கவில்லை. கவுன்ட்டரில் இருந்த பையன் வேறு பக்கம் பார்த்தான்.

நான் பேச்சுக்கொடுத்தேன். எட்மன்டனிலிருந்து வருகிறேன், இங்கே விலையைப் பார்க்க வந்தேன் என்றதும் சிரித்துவிட்டார். யெல்லோநைஃபில் என்ன விலை, இங்கே எல்லாம் மலிவுதானே என்றார். அவர் ஊர்க் கடையில் பாலுக்கு இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டுமாம். வால்மார்ட் வாசலில் நான் இரண்டு நாளாகப் போட்ட கணக்கெல்லாம் அந்தச் சிரிப்பில் போயிற்று.

யெல்லோநைஃப்காரர் எட்மன்டனில் வாங்குகிறார். கேமட்டிக்காரர் யெல்லோநைஃபில் வாங்குகிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு படி தெற்கே இருப்பதுதான் சந்தை. அரசாங்கமே இப்படித்தான் அளக்கிறது. பிரதேசத்துப் புள்ளிவிவரத் துறை சிறு ஊர்களின் உணவு விலையை ஒப்பிடும்போது யெல்லோநைஃபை 100 என்று வைத்துக்கொள்கிறது. யெல்லோநைஃபின் வாழ்க்கைச் செலவை அளக்கும்போது 100 ஆக இருப்பது எட்மன்டன்.

இந்த மாதிரி விமான ஊர்களுக்கென்று நியூட்ரிஷன் நார்த் என்ற மத்திய அரசுத் திட்டம் 2011 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அதற்கு முன் தபால் துறை வழியாக உணவை மானியக் கட்டணத்தில் அனுப்பினார்கள். இப்போது மானியம் கடைக்காரருக்குக் கிலோ கணக்கில் போகிறது, அவர் அதை விலையில் குறைத்துக் காட்ட வேண்டும். முழுக்கக் குறைக்கிறாரா என்று யார் பார்ப்பது? 2014இல் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையே அந்தக் கேள்வியைத்தான் கேட்டது. மானியம் முழுவதும் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்கிறது என்பதைத் துறை உறுதிசெய்யவில்லை என்று எழுதியது. கடைக்காரர் மகனாகச் சொல்கிறேன், எதிர்க்கடை இல்லாத ஊரில் கடைக்காரர் கையில் மானியத்தைக் கொடுத்துவிட்டு அவர் மனசாட்சியை நம்பியிருப்பது நல்ல திட்டம் ஆகாது. சாலை போடச் செலவாகும், தெரியும். ஆனால் வாட்டி என்ற ஊரைப் பாருங்கள். 2021 நவம்பரில் அதற்கு வருஷம் முழுக்கப் போகும் சாலை திறந்தது, 97 கிலோமீட்டர். இப்போது அந்த ஊர்க்காரர் பெட்டியைத் தராசில் ஏற்றி இறக்க வேண்டியதில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு கோ-ஆப் வாசலுக்கு வந்துவிடுகிறார்.

கேமட்டி அம்மாவின் விமானம் கிளம்ப நேரமானது. தோள்பையிலிருந்து எனக்கு ஒரு ஆப்பிள் கொடுத்தார்.

வியாழன்

மழை. வீட்டிலேயே இருந்தோம். மதியம் முருங்கைக்காய் சாம்பார். நண்பர் குளிர்காலக் கதைகளைச் சொன்னார். மைனஸ் நாற்பதில் லாரியின் குளிர்சாதனம் தலைகீழாக வேலை செய்யுமாம், சரக்கு உறையாமல் இருக்கச் சூடு கொடுக்கும். கடை வாசலிலிருந்து கார் வரை நடப்பதற்குள் கொத்தமல்லி கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்பதால் அக்கா அதைக் கோட்டுக்குள் வைத்து எடுத்து வருவாராம். வைரச் சுரங்கங்களுக்குப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மட்டும் ஏரிகளின் மேலே பனிச்சாலை. வருஷத்துக்கு வேண்டிய டீசல் முழுவதும் அந்தச் சில வாரங்களில் போய்ச் சேர வேண்டும். பனி மேல் சரக்கு லாரி மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, வேகமாகப் போனால் அடியில் அலை எழும்பிப் பனி உடைந்துவிடும்.

இரவு மேகம் விலகியது. பச்சை ஒளி வந்தது. மனைவி ஒரு மணி வரை உள்ளே வரவில்லை.

சனி: ஹே ரிவர்

வெள்ளிக்கிழமை கிளம்பி, நேராகத் தெற்கே போகாமல் ஹே ரிவர் பக்கம் திரும்பினோம். கிரேட் ஸ்லேவ் ஏரியின் தென்கரை. சாலையும் தெப்பத் துறையும் வந்து சேரும் ஊர். மெக்கன்சி நதியோரத்து ஊர்களுக்கும் ஆர்க்டிக் கடற்கரைக்கும் கோடைச் சரக்கு இங்கிருந்துதான் தெப்பங்களில் போகும். தனியார் நிறுவனம் நொடித்துப் போனதும் 2016இல் பிரதேச அரசே அந்தத் தொழிலை எடுத்துக்கொண்டது. இப்போதைய தலைவலி தண்ணீர். 2024இல் நதியில் நீர்மட்டம் அவ்வளவு இறங்கியதால் நார்மன் வெல்ஸுக்குத் தெப்பமே போகவில்லை, எரிபொருள் வரை விமானத்தில் கொண்டுபோனார்கள். பாலம் இல்லாத ஊருக்கு ஆறுதான் சாலை. அதுவும் வற்றினால் பில்லில்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை மீனவர் துறையில் சந்தை. ஏரி வெள்ளைமீன், அப்போதுதான் வெட்டியது. விற்றவரிடம் தெற்கே எங்கே போகிறது என்று கேட்டேன். இந்த ஏரி மீன் நெடுங்காலமாக வின்னிபெக்கில் இருக்கும் மத்திய அரசு மீன் நிறுவனத்துக்கு லாரியில் போய்வந்திருக்கிறது. ஆக, ரிட்டர்ன் லோடு அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது, மீன் இருக்கிறது. ஆனால் வந்த லாரிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் அது எத்தனை பெட்டி?

"ஐஸ் போட்டா எட்மன்டன் வரைக்கும் தாங்குமா, கேளுங்க" என்றாள் மனைவி. தாங்கும், வழியில் ஹை லெவலில் மட்டும் ஐஸ் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார் மீன்காரர். ஆறு துண்டு வாங்கினோம். அரிசி மூட்டை இருந்த இடத்தில் ஐஸ் பெட்டி உட்கார்ந்தது.